பள்ளி நாட்களில் நாற்பத்தெட்டு டிகிரி

மார்சிலிங் வட்டாரத்தில், ஓர் அடுக்குமாடியின் நான்காம் மாடியிலிருந்த ஒரு மூன்றறை வீட்டின் வெப்பம், 1976ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல், காலை ஒன்பது மணியிலிருந்து மாலை நான்கு மணிவரை நாற்பத்தெட்டு டிகிரியாக இருந்தது. சனி ஞாயிறுகளிலும் பள்ளி விடுமுறை நாட்களிலும் அது மற்ற வீடுகளைப் போலவே இருந்தது. பக்கத்து வீடுகளுக்கு இந்தச் சூடு பரவவில்லை. சுவரின் மறுபக்கத்தில் கை வைத்தால் அது சாதாரணச் சுவர்தான். வாசலைத் தாண்டி ஒரு காலை மட்டும் உள்ளே வைத்தால் அந்தக் கால் மட்டும் வியர்த்தது. மாதா சுரூபத்தின் முன்னால் நிறுத்திய மெழுகுவர்த்தி ஒன்பதேகாலுக்குள் இடுப்பொடிந்து வளைந்துவிடும். மாலையில் அதை நிமிர்த்தி வைப்பது அந்த வீட்டின் அன்றாட வேலைகளில் ஒன்றானது.

அந்த வீட்டில் சூசைநாதனும் அவர் மனைவி பிலோமினம்மாளும் இருந்தார்கள். கல்யாணமாகிப் பதினாறு ஆண்டுகள், பிள்ளை இல்லை. பிலோமினம்மாள் கிராஞ்சியில் ஒரு பலகை ஆலையில் வேலை செய்தார். சூசைநாதன் புக்கித் தீமா பக்கம் ஒரு தனியார் பள்ளியில் குளிரூட்டும் இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டார். வெளிநாட்டுப் பிள்ளைகளும் வசதியுள்ள உள்ளூர்ப் பிள்ளைகளும் படித்த பள்ளி அது. மைதானத்துக்குப் பின்னால் இருந்த தாழ்வான கட்டடத்தில், ஓர் அறையில் சில்லர் என்ற பெரிய குளிரூட்டி இருந்தது. அது தண்ணீரை ஏழு டிகிரிக்குக் குளிர்வித்துக் குழாய் வழியே வகுப்புகளுக்கு அனுப்பும். அடுத்த அறையில் பாய்லர் இருந்தது. விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளின் குளியலுக்கும் சமையற்கட்டுக்கும் அது சுடுதண்ணீர் கொடுத்தது. பாய்லரைப் பார்த்துக்கொண்டவர் யாக்கூப். இரண்டு அறைகளுக்கும் நடுவே ஒரே சுவர். அந்தச் சுவரில் சாய்ந்துதான் இருவரும் அதுவரை பதினோரு ஆண்டுகளாக டீ குடித்து வந்தார்கள். சூசைநாதன் சாய்ந்த பக்கம் சில்லென்றும் யாக்கூப் சாய்ந்த பக்கம் வெதுவெதுப்பாகவும் இருக்கும்.

சூசைநாதன் ஒரு சின்ன வெப்பமானியை, மாதா படம் தைத்த உத்தரியத்தோடு சேர்த்து ஒரே கயிற்றில் கழுத்தில் மாட்டியிருந்தார். மணிக்கொரு முறை தண்ணீரின் வெப்ப அளவைப் பார்த்து ஏட்டில் எழுதுவது அவர் வேலை. புதிதாக வருகிறவர்களிடம் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான். குளிர் என்று தனியாக ஒரு பொருள் கிடையாது. சூட்டை ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோரிடத்தில் கொட்டுகிறோம், எடுத்த இடத்துக்குக் குளிர் என்று பேர், அவ்வளவுதான். பள்ளியின் சூட்டைக் கூரைமேல் இருந்த கூலிங் டவர் வானத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. வானத்துக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை.

1976 ஜூன் மாதம், லண்டனிலிருந்து கேள்வித்தாள் வரும் இறுதிப் பரீட்சை நடந்துகொண்டிருந்த வாரத்தில், சில்லரை ஓட்டும் கம்ப்ரசர் எரிந்துபோனது. மாற்று உதிரி கப்பலில் வர ஐந்து வாரம் ஆகும் என்றார்கள். சாலைச் சத்தமும் தூசியும் வரக்கூடாதென்று அதற்கு முந்தைய ஆண்டுதான் பள்ளியின் நானூற்றுப் பன்னிரண்டு ஜன்னல்களையும் திருகாணி அடித்து மூடியிருந்தார்கள். அடித்தவர் சூசைநாதன். திங்கட்கிழமை பரீட்சைக் கூடத்தில் இரண்டு பிள்ளைகள் மயங்கி விழுந்தார்கள். செவ்வாய்க்கிழமை ஐந்து பேர். புதன்கிழமை மாலை சூசைநாதன் வீட்டுக்குப் போகாமல் ஓஃபிர் ரோட்டிலிருந்த லூர்து மாதா கோயிலுக்குப் போனார். சிராங்கூன் ரோட்டில் வாங்கிய ஆறு மெழுகுவர்த்திகளைக் கொளுத்தி வைத்துவிட்டு முழங்காலில் நின்று மன்றாடினார்.

வேறு யாராக இருந்தாலும் பிள்ளைகளைக் குளிர வை என்று மட்டும் கேட்டிருப்பார்கள். சூசைநாதன் பதினோரு ஆண்டு சில்லர் ஓட்டியவர். எடுக்கிற சூடு எங்கே போக வேண்டும் என்று சொல்லாமல் அவரால் கேட்க முடியவில்லை. அது அரைகுறை வேலையாகப் பட்டது. எனவே பள்ளியின் சூட்டைத் தன் வீட்டில் கொட்டிவிடும்படி கேட்டுக்கொண்டார். வட்டாரம், பிளாக், மாடி, கதவு எண் எல்லாவற்றையும் மனசுக்குள் தெளிவாகச் சொன்னார். பகலில் வீட்டில் ஆள் இருப்பதில்லை, யாருக்கும் தொந்தரவில்லை என்று அவர் நினைத்தார். அந்தப் புதன்கிழமையிலிருந்து ஆலையில் பிலோமினம்மாளை இரவு ஷிஃப்டுக்கு மாற்றியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டின்போதே அவர் அதைச் சொன்னார். சூசைநாதன் தலையாட்டினார், ஆனால் அப்போது அவர் கம்ப்ரசரின் எண்ணெய் கறுத்துப்போனதை யோசித்துக்கொண்டிருந்தார். இன்னொன்றும் விட்டுப்போனது. எங்கே என்று சொன்னவர் எதுவரை என்று சொல்ல மறந்தார்.

மறுநாள் காலை யாக்கூப் வந்து சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சில்லர் அறைக்குள் எட்டிப் பார்த்தார்.

“நாதன் அண்ணே, கம்ப்ரசர் ஓடல. தண்ணி ஏழு டிகிரி.”

“தெரியும்.”

“எப்படி?”

“நேத்து சொல்லிட்டு வந்தேன்,” என்றார் சூசைநாதன்.

யாக்கூப் சுவரை இன்னொரு முறை தொட்டுப் பார்த்துவிட்டுத் தன் அறைக்குப் போனார். பள்ளிக் கட்டடங்களுக்குப் பொறுப்பாயிருந்த பெர்னார்ட் பத்து மணிக்கு வந்தார். ஓடாத இயந்திரத்தையும் சில்லிட்டிருந்த குழாயையும் மாறி மாறிப் பார்த்தார். “ரீடிங் ஓகேதானே நாதன்? ஓகேன்னா நான் எதுக்குக் கேக்கணும்? கேட்டா ரிப்போர்ட் எழுதணும் லா,” என்று சொல்லிவிட்டுப் போனார். ஐந்து வாரம் கழித்து உதிரி வந்தது. பொருத்தினார்கள். திரும்பி வருகிற தண்ணீர் ஏற்கெனவே குளிர்ந்திருந்ததால் இயந்திரம் முடுக்கிய ஒரு நிமிடத்தில் தானாகவே நின்றது. எத்தனை தடவை முடுக்கினாலும் அப்படித்தான். ஓடாத இயந்திரம் இரண்டாண்டில் இறுகிப்போனது. 1979இல் அதைப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். கூலிங் டவரில் மைனாக்கள் கூடு கட்டின. சூசைநாதன் காலியான அறையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, மணிக்கொரு முறை குழாயின் அளவைப் பார்த்து ஏழு, ஏழு, ஏழு என்று ஏட்டில் எழுதிக்கொண்டிருந்தார். விடுமுறை எடுத்தாலும் தண்ணீர் ஏழு டிகிரிதான். ஆனாலும் அவர் எடுக்கவில்லை.

வீட்டில் நடந்தது இது. அந்த முதல் வியாழக்கிழமை மாலை அவர் வந்தபோது பிலோமினம்மாள் வெளி நடையில் பாய் விரித்துப் படுத்திருந்தார். வீட்டுக்குள் ஏதோ அடுப்பு மாதிரி இருக்கிறது, மேற்கு வெயிலாக இருக்கும் என்று சொன்னார். சூசைநாதன் உள்ளே போய் வளைந்துகிடந்த மெழுகுவர்த்தியைப் பார்த்தார். அப்போதே அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. பரீட்சை முடிந்தால் நின்றுவிடும் என்று நினைத்தார். ஜூலையில் விடுமுறை விட்டதும் வீடு ஆறியது, நிம்மதியானார். செப்டம்பரில் பள்ளி திறந்த அன்று ஒன்பது மணிக்குச் சூடு திரும்பி வந்தது. அன்றைக்கே சொல்லியிருக்கலாம். இன்னொரு டெர்ம் பார்க்கலாம் என்று விட்டார். அப்படி ஏழு ஆண்டுகள் டெர்ம் டெர்மாகப் போயின.

வீட்டுக் குறைகளைப் பார்க்கிற ஓர் இளம் அதிகாரியைப் பிலோமினம்மாள் மூன்று முறை வரவழைத்தார். இரண்டு முறை அவர் வந்தது விடுமுறைக் காலம், எல்லாம் சரியாக இருந்தது. மூன்றாவது முறை பள்ளி நாள். அவர் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றி, மேற்கு வெயில் என்று எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு வேகமாக இறங்கிப் போனார். வீடு கிழக்கு பார்த்தது.

மனிதர்கள் எதற்கும் பழகுகிறார்கள். பிலோமினம்மாள் ஈரத்துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு தரையில் தூங்கக் கற்றுக்கொண்டார். மழைக்காலத்தில் நான்காம் மாடிக்காரர்கள் எல்லாரும் துணியை அவர் கூடத்தில் காயப்போட்டார்கள். பக்கத்து வீட்டுச் சம்சுன்னிசா பொரிப்பதற்கான குரோப்போக் என்ற இறால் அப்பளத்தைத் தட்டில் பரப்பிக் கொண்டுவந்து வைப்பார். “பிலோமினாக்கா, உங்க வீட்டுக்கு டிக்கெட் போட்டா நம்ம பிளாக்கே பணக்காரங்களாயிடலாம்,” என்பார். “மொதல்ல நீ உள்ள வந்து அஞ்சு நிமிஷம் உக்காரு, அப்புறம் டிக்கெட் அடிக்கலாம்,” என்று பிலோமினம்மாள் பதில் சொல்வார். சம்சுன்னிசா ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. 1980இல் ஆலையில் மயங்கி விழுந்ததால் பிலோமினம்மாளின் வேலை போனது. பிறகு கூடத்தில் தையல் இயந்திரம் போட்டு, கோயில் பீடத் துணிகளுக்கும் முதல் நன்மை அப்பம் வாங்குகிற பிள்ளைகளின் வெள்ளைச் சட்டைகளுக்கும் ஓரம் அடித்துக் கொடுத்தார். பகல் முழுக்க வீட்டிலேயே இருந்தார். தைக்கிற துணியில் வியர்வை விழக்கூடாதென்று நெற்றியில் ஒரு பட்டி கட்டிக்கொள்வார். அதே நேரத்தில் சூசைநாதன் குளிர்ந்த குழாய் பக்கத்தில் கம்பளிச் சட்டை போட்டு உட்கார்ந்திருப்பார். மாலையில் வந்ததும் அந்தச் சட்டையைக் கழற்றிக் கைப்பைக்குள் மறைத்துவிட்டுத்தான் கதவைத் தட்டுவார்.

1982ஆம் ஆண்டு இறுதியில் மருத்துவர், பிலோமினம்மாளின் சிறுநீரகங்கள் சுருங்கிவிட்டன என்றார். பல ஆண்டுகள் வெயிலில் வேலை செய்தீர்களா, சாலை போடுகிற வேலையா என்று கேட்டார். இல்லை, வீட்டில்தான் இருக்கிறேன் என்றார் பிலோமினம்மாள். சூசைநாதன் அந்த வாரமே பங்குச் சாமியாரிடம் போய் நடந்ததைச் சொன்னார். அதற்குச் சாமியார், ஒருவர் செய்த நேர்ச்சையின் பாரம் இன்னொருவர் தலையில் விழுந்தால், பாரம் சுமக்கிறவர் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அது நின்றுவிடும் என்றார். அப்படியென்றால் அந்த அம்மாளிடம் முதலில் சொல்லுங்கள் என்றார். சூசைநாதன் சரி என்று எழுந்து வந்தார். சொல்ல ஐந்து மாதம் ஆனது.

ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு, பூசை முடிந்து வந்து, சமையற்கட்டில் நின்றபடி, சாமியார் சொன்னது உட்பட எல்லாவற்றையும் சொன்னார். ஞாயிறானதால் வீடு குளிர்ந்திருந்தது. பிலோமினம்மாள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். சூசைநாதன் சொல்லி முடிக்கும்வரை அவர் கை நிற்கவில்லை. கடைசி வெங்காயத்தையும் நறுக்கிவிட்டுக் கத்தியைக் கழுவி வைத்தார்.

“ஏழு வருஷமா?”

“ஆமா.”

“ஹாஸ்டல் பிள்ளைங்களுக்குச் சுடுதண்ணி காய்ச்சுறீங்க. யாக்கூப் அண்ணன் எண்ணெய் ஊத்தி ஊத்தி எரிக்கிறாரு. ஒரு சுவருதான் நடுவுல. அந்தப் பாய்லருக்குள்ள கொட்டச் சொல்லியிருக்கலாம்ல?”

பதினெட்டு ஆண்டுகள் அந்தச் சுவரில் சாய்ந்து டீ குடித்தவருக்கு அது தோன்றவே இல்லை.

“எனக்குத் தோணுச்சே, இப்ப, வெங்காயம் வெட்டும்போதே,” என்றார் பிலோமினம்மாள். வாணலியை அடுப்பில் வைத்து, “இப்ப நான் வேணாம்னு சொன்னா என்ன ஆகும்?” என்று கேட்டார்.

“நின்னுடும்.”

“அங்க மெஷின் இருக்கா?”

“வித்தாச்சு.”

“ஜன்னல்?”

“தெறக்க முடியாது. நான்தான் ஸ்க்ரூ அடிச்சேன்.”

“எல்லாத்தையும் நீங்களேதான் அடிச்சிருக்கீங்க.” அவர் வெங்காயத்தை வாணலியில் போட்டார். “எத்தனை பிள்ளைங்க பரீட்சை எழுதுது?”

“முந்நூத்தி இருபது. ஜூன் பதினேழு முடியுது.”

“சரி, பதினேழாந்தேதி சாயங்காலம் சொல்றேன். அதுக்குள்ள நீங்க போட்ட ஆணிய நீங்களே கழட்டுங்க.”

அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிக் கோபமாக ஒன்றும் பேசவில்லை. பகலில் சிராங்கூனில் இருக்கும் ஒன்றுவிட்ட தங்கை ஆனி வீட்டுக்குப் போய் இருக்கும்படி சூசைநாதன் கெஞ்சினார். பிலோமினம்மாள் இரண்டு நாள் போனார். அங்கே காற்றாடிக்குக் கீழே உட்கார முடியாமல் நடுங்கி, ஆனியின் கணவருடைய கோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் போகவில்லை. இந்த உடம்பு இனி இந்தச் சூட்டுக்குத்தான் ஆகும், ரெண்டு மாசந்தானே என்றார். சூசைநாதன் தினமும் பள்ளி விட்டதும் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் ஜன்னலாகப் போனார். திருகாணிகள் துருப்பிடித்திருந்தன. ஒரு ஜன்னலை விடுவிக்கக் கால்மணி நேரமானது. பெர்னார்ட் ஒருநாள் பார்த்துவிட்டு, யார் சொல்லி இந்த வேலை என்று கேட்டார். வீட்டில் சொன்னார்கள் என்றார் சூசைநாதன். வெளியிலிருந்து வேலை உத்தரவு வந்தால் ஏட்டில் ஏற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பெர்னார்ட் போனார். வீட்டுக்கு வந்ததும் பிலோமினம்மாள் கேட்பது எத்தனை என்றுதான். நூற்றுப் பத்து, நூற்று அறுபது, இருநூற்றுத் தொண்ணூறு என்று அவர் சொல்வார். அந்த எண்ணைக் கேட்டுவிட்டுத்தான் பிலோமினம்மாள் சாப்பிட உட்காருவார்.

ஜூன் பதினான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணி இருக்கும். காய வைத்த துணியை எடுக்க வந்த சம்சுன்னிசா, பிலோமினம்மாள் தையல் இயந்திரத்தின்மேல் கன்னத்தை வைத்துப் படுத்திருப்பதைப் பார்த்தார். அன்றுதான் சம்சுன்னிசா முதன்முதலாக அந்தக் கூடத்தில் உட்கார்ந்தார். பிலோமினம்மாளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, ஈரத்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, ஆம்புலன்ஸ் வரும்வரை நாற்பது நிமிடம் அந்தச் சூட்டில் இருந்தார். பிலோமினம்மாள் ஒரே ஒரு முறை கண்ணைத் திறந்து இன்னிக்கு என்ன தேதி என்று கேட்டார். பதினாலு என்றார் சம்சுன்னிசா. அப்படியென்றால் இன்னும் மூன்று நாள் இருக்கிறது என்றார் பிலோமினம்மாள். அதுதான் கடைசி. வேண்டாம் என்ற வார்த்தையை அவர் சொல்லவில்லை. சொல்லக்கூடியவர் வேறு யாரும் இல்லை.

பள்ளிக்குத் தொலைபேசி வந்தபோது சூசைநாதன் முந்நூற்று எழுபத்தாறாவது ஜன்னலைக் கழற்றி முடித்திருந்தார். அந்த வாரம் மட்டும் சாப்பாட்டு நேரத்திலும் அவர் வேலை செய்துகொண்டிருந்தார். அவர்கள் பிளாக்கின் கீழ்த்தளத்துத் திறந்தவெளியில் பிரேதத்தை மூன்று நாள் வைத்திருந்தார்கள். தலைமாட்டில் மெழுகுவர்த்திகள் நேராக நின்று எரிந்தன. மேலே வீட்டில் மாதா முன்னால் இருந்தது வழக்கம்போல ஒன்பதேகாலுக்கு வளைந்தது. வெள்ளிக்கிழமை, பதினேழாம் தேதி, அடக்கம். அன்று பிற்பகல் பரீட்சை முடிந்தது. ஒரு பிள்ளையும் மயங்கவில்லை.

அடக்கத்துக்குப் பிறகு சாமியார் அவரைத் தனியாக அழைத்து, இனி மறைமாவட்ட ஆயர் நினைத்தால் அந்த நேர்ச்சையை அவிழ்த்துவிடலாம், நான் எழுதித் தருகிறேன், நீங்கள் கையெழுத்துப் போட்டால் போதும் என்றார். சூசைநாதன் நன்றி சொன்னார். கடிதம் கையெழுத்தில்லாமல் சாமியாரின் மேசையில் ஓராண்டு இருந்தது. பிறகு சாமியாரை வேறு பங்குக்கு மாற்றினார்கள். மீதியிருந்த முப்பத்தாறு ஜன்னல்களையும் சூசைநாதன் அந்த விடுமுறையில் கழற்றி முடித்தார். பள்ளியில் யாரும் ஒரு ஜன்னலைக்கூடத் திறக்கவில்லை. உள்ளே நன்றாகக் குளிர்ந்திருந்ததால் திறக்கத் தேவை இருக்கவில்லை.

1986இல் ஐம்பத்தைந்து நிறைந்து அவர் ஓய்வுபெற்றார். பள்ளியில் ஒரு மேசைக் காற்றாடி பரிசாகக் கொடுத்தார்கள். யாக்கூப் பாய்லர் அறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து, இனிமே நம்ம சுவத்துல யாருண்ணே சாய்வாங்க என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போய்விட்டார். சூசைநாதனின் இடத்துக்கு யாரையும் போடவில்லை. தண்ணீர் ஏழு டிகிரியாகவே வந்தது. காற்றாடியை அவர் சம்சுன்னிசாவிடம் கொடுத்துவிட்டார்.

விடுமுறை முடிந்து, செப்டம்பர் முதல் தேதி, திங்கட்கிழமை, பள்ளி திறந்தது. சூசைநாதன் காலையில் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, ஜன்னல்களைச் சாத்தினார். தையல் இயந்திரத்தின் உறையை எடுத்துவிட்டு அதன் முன்னால் இருந்த முக்காலியில் உட்கார்ந்தார். கழுத்திலிருந்த வெப்பமானியைக் கழற்றி இயந்திரத்தின் கைப்பிடியில் மாட்டினார். ஒன்பது மணிக்குச் சூடு வந்தது. திறந்திருந்த கதவு வழியே சம்சுன்னிசா பார்த்தார்.

“என்னண்ணே, பகல்ல உள்ளேயா இருக்கப் போறீங்க? வந்து நடையில உக்காருங்க, காத்து வருது.”

“இருக்கட்டும்மா, பள்ளிக்கூடம் தொறந்துடுச்சு,” என்றார் சூசைநாதன்.

சம்சுன்னிசா தன் வீட்டுக்குள் போய் ஒரு துண்டை நனைத்துப் பிழிந்து கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார். சூசைநாதன் அதை எடுத்துக் கழுத்தில் சுற்றிக்கொண்டார். ஒன்பதேகாலுக்கு மெழுகுவர்த்தி வளைந்தது. பத்து மணிக்கு அளவு நாற்பத்தெட்டு. பதினொன்றுக்கும் நாற்பத்தெட்டு. பன்னிரண்டு மணிக்கு அவர் பழைய சோறு சாப்பிட்டார், அது சூடாக இருந்தது. நான்கு மணிக்குப் பள்ளி விட்டது. அவர் எழுந்து மெழுகுவர்த்தியை நிமிர்த்தி வைத்து, துண்டைக் கொடியில் போட்டு, ஜன்னல்களைத் திறந்துவிட்டார்.